வால்வெள்ளிக்கு ஒரு கொப்பி: வன்னியில் இருந்து பார்க்கத் தொடங்குவோருக்கு

என்னிடம் உள்ள பழைய கொப்பி ஒன்றின் தாள்கள் முழுக்கச் சேற்று நிறம். 2018 டிசெம்பர் 16ஆம் திகதி இரவு, நிலா மறைந்த பிறகு முகில் விலகிய அரை மணி நேரத்துக்குள், கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே நின்ற வேர்ட்டனன் வால்வெள்ளியைப் பார்த்து அதில் நான்கு வரி எழுதினேன். ஐந்தாறு நாளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் வெள்ளம். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தன. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். வெள்ளம் வடிந்தபின் கொப்பியை எடுத்து வெயிலில் காயவைத்தபோது, பேனையால் எழுதிய வீட்டுக் கணக்குகள் எல்லாம் நீலக் கறையாகக் கரைந்திருந்தன. பென்சிலால் எழுதிய அந்த நான்கு வரி அப்படியே இருந்தது. திகதி, நேரம், பிரகாசம், அகலம். இன்றைக்கும் அதை எடுத்து ஒரு வரைபில் புள்ளியாக வைக்கலாம்.

அதனால் தொலைநோக்கி வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வையுங்கள். பென்சில்தான். மாரி மழைக்கும் மாசிப் பனிக்கும் அதுதான் தாங்கும்.

நம் கண்ணால் பார்த்து எழுதும் எண்ணுக்கு இந்தக் காலத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வால்வெள்ளி எங்கே நிற்கும் என்பதைக் கணினி நன்றாகச் சொல்லும். எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதை அதனால் அப்படிச் சொல்ல முடியாது. பனிக்கட்டியும் தூசியும் கலந்த அந்தக் கட்டியின் எந்தப் பக்கம் வெயில் படும், எந்த வெடிப்பில் இருந்து ஆவி கிளம்பும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிவதில்லை. 2007 ஒக்டோபரில் ஹோம்ஸ் என்ற வால்வெள்ளி, பெரிய தொலைநோக்கிக்கு மட்டும் தெரியும் 17ஆம் பிரகாசப் படியில் இருந்து (எண் கூடக் கூட மங்கல்), இரண்டு நாளுக்குள் வெறும் கண்ணுக்குத் தெரியும் 3ஆம் படிக்கு வந்தது. கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் மடங்கு. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அப்படி ஒன்று நடக்கும்போது நமக்கு இரவாக இருந்தால் அமெரிக்காவில் பகல். அந்த நேரத்தில் மாங்குளத்திலோ மல்லாவியிலோ ஒருவர் வளவில் நின்று பார்த்து எழுதியிருந்தால், அந்த வரிக்கு ஈடு வேறு இல்லை.

எந்த வால்வெள்ளியில் தொடங்குவது

குறித்த கால இடைவெளியில் திரும்பி வருபவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பெயருக்கு முன்னால் ஓர் எண்ணும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். ஹேலி 1, என்கே 2, வேர்ட்டனன் 46. ‘சி’ என்று தொடங்குபவை நெடுங்காலப் பயணிகள். பலவற்றை ஒரு முறைக்கு மேல் மனிதர் யாரும் பார்த்ததில்லை.

பழகுவதற்கு நான் சொல்வது 10ஆம் எண் வால்வெள்ளி, டெம்பல் 2. 1873 ஜூலை 4ஆம் திகதி மிலான் நகரில் வில்ஹெல்ம் டெம்பல் கண்டுபிடித்தது. 2026 ஓகஸ்ட் 2ஆம் திகதி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அதே நாட்களில் பூமிக்கும் அருகில், ஏறத்தாழ 0.41 வானியல் அலகு தூரத்தில் இருக்கும். (ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம், சுமார் 15 கோடி கிலோமீற்றர்.) எதிர்பார்க்கப்படும் பிரகாசம் 8ஐ ஒட்டி. வெறும் கண்ணுக்கு எட்டாது, 10×50 பைனாகுலருக்கு எட்டும். ஓகஸ்ட் நமக்குச் சோளகம் வீசும் வறண்ட காலம். மாரி போல இரவிரவாக முகில் மூடிக் கிடக்காது. 12ஆம் திகதி அமாவாசை. அன்றுதான் ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும் முழுச் சூரிய கிரகணம். ஆக அதற்கு முன்னும் பின்னும் ஒரு கிழமை நிலாத் தொல்லை இல்லை.

பாதையை ஆறு எண்களில் புரிந்துகொள்வது

வால்வெள்ளிகளின் பாதை விவரங்களை மைனர் பிளானட் சென்டர் வெளியிடுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட்–ஸ்மித்சோனியன் மையத்தில் இயங்கும் நிலையம் அது. ஒவ்வொரு வால்வெள்ளிக்கும் ஆறு எண்கள். சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள், அப்போதுள்ள தூரம், நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் மையப்பிறழ்வு, இந்த மூன்றும் முதலில் போதும். மற்ற மூன்றும் அந்த நீள்வட்டம் விண்வெளியில் எப்படிச் சாய்ந்து, எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதைச் சொல்லும் கோணங்கள். அவற்றை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு கணக்கை மட்டும் கையால் செய்து பாருங்கள். ஏ.எல். கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கூட்டிவந்து இருத்துங்கள். டெம்பல் 2இன் அண்மைத் தூரம் 1.42, மையப்பிறழ்வு 0.537. 1இல் இருந்து 0.537ஐக் கழித்தால் 0.463. 1.42ஐ அதால் வகுத்தால் 3.07. அதுதான் நீள்வட்டத்தின் பாதி நீளம், வானியல் அலகில். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி அந்த 3.07ஐ அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 5.4 வரும். இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை அது திரும்பி வருகிறது. வால்வெள்ளி முளைத்தால் ஊருக்கு ஆகாது என்று கலங்கும் வயதானவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். வன்னியில் அந்தப் பயம் சும்மா வந்ததல்ல, பட்டவர்கள் கேட்கிறார்கள். ஆறுதலாக இருந்து சொல்லுங்கள்: அம்மம்மா, இது 1873க்கு முன்பிருந்தே ஐந்தரை ஆண்டுக்கு ஒரு முறை தன் பாட்டில் வந்து போகிறது, நல்ல காலத்திலும் வந்தது, கெட்ட காலத்திலும் வந்தது.

கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் சூரியக் குடும்பத் திருத்தியில் இருந்து புதிய பாதை எண்களை இறக்குங்கள். ‘புதிய’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை இரண்டு இரவு முழுக்க நான் தவறான இடத்தைத் துழாவினேன். போனில் இருந்த செயலிக்குள் முந்தைய வருகையின் எண்கள் கிடந்தன. வால்வெள்ளி தான் கக்கும் ஆவியாலேயே கொஞ்சம் தள்ளப்படுகிறது. அதனால் பழைய எண்கள் பழுதாகும்.

இந்தத் தள்ளலை முதலில் உணர்த்தியது என்கே வால்வெள்ளி. 1786, 1795, 1805, 1818 என நான்கு முறை வெவ்வேறு வால்வெள்ளிகளாகக் கண்டதெல்லாம் ஒன்றுதான் என்று 1819இல் யோகான் என்கே கணக்கிட்டுக் காட்டினார். 1822இல் மறுபடி வரும் என்றார். அவுஸ்திரேலியாவின் பரமற்றாவில் இருந்து கார்ல் ரும்கர் அதைக் கண்டார். பிறகுதான் என்கேக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாக வந்துகொண்டிருந்தது. ஏன் என்பதற்குச் சரியான விடை 1950இல்தான் கிடைத்தது: சுழலும் பனிக்கட்டியில் இருந்து ஒரு பக்கமாகக் கிளம்பும் ஆவி, சிறிய ரொக்கெட் போல அதைத் தள்ளுகிறது என்றார் பிரெட் விப்பிள். நூறு ஆண்டுக்கு மேல் பொறுமையாகத் திகதியும் நேரமும் எழுதியவர்கள் இல்லாவிட்டால் அந்த இரண்டரை மணி நேரம் யாருக்கும் தெரிந்திருக்காது.

நீங்களும் பாதையைக் குறிக்கலாம். அந்தப் பகுதி வானத்தின் படத்தை, வால்வெள்ளியின் எதிர்பார்ப்பு இடம் தெரியாதபடி, ஸ்டெல்லேரியத்தில் இருந்து அச்செடுங்கள். ஒவ்வொரு இரவும் பக்கத்து வெள்ளிகளை வைத்து ‘இந்த இரண்டுக்கும் நடுவில், இடப்பக்கமாக’ என்று பார்த்து ஒரு புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள். இரண்டு கிழமையில் புள்ளிகள் வளைந்து ஓடுவதைக் காண்பீர்கள். அந்த வளைவில் பாதி வால்வெள்ளியின் ஓட்டம், பாதி நாம் நிற்கும் பூமியின் ஓட்டம்.

எங்கே நிற்பது

சொந்த வளவை விட நல்ல இடம் இல்லை. குளக்கட்டு உயரமாக, வானம் விரிந்து கிடக்கும், உண்மைதான். ஆனால் நள்ளிரவில் தனியாகப் போகாதீர்கள். முத்தையன்கட்டுப் பக்கமும் வவுனிக்குளம் பக்கமும் யானை வரும் இடங்கள் எவை என்று ஊரவர்களுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். மிதிவெடிப் பலகை நட்ட காணிக்குள், ‘ஓரமாக நின்றுவிட்டு வருகிறேன்’ என்றுகூடக் கால் வைக்க வேண்டாம். இரவில் பைனாகுலரோடு வீதியில் நின்றால் கேள்வி கேட்பார்கள். அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் முதலே சொல்லி வைப்பது நல்லது. வயல் காவல் கொட்டிலுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் ஏற்கெனவே நல்ல வானத்துக்குக் கீழே விடிய விடிய முழித்திருப்பவர்கள். அவர்கள் கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

நம் இடத்துக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. நாம் வட அகலாங்கு 9 பாகையை ஒட்டி இருக்கிறோம். துருவ வெள்ளி அடிவானத்தில் இருந்து ஒரு கைமுட்டி உயரத்தில்தான். ஆகவே வட வானத்து வால்வெள்ளியும் தெரியும், தென் வானத்து வால்வெள்ளியும் தெரியும். அடுத்தது, இங்கே சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே இறங்குகிறது. அந்தி வெளிச்சம் ஒரு மணி பத்து, பதினைந்து நிமிடத்தில் முழுக்க அடங்கிவிடும். ஐரோப்பியருக்கு அந்தியில் மூழ்கிப் போகும் வால்வெள்ளி நமக்குச் சிலவேளை கிடைக்கும்.

சாய்மனைக் கதிரை ஒன்றைத் தூக்கி முற்றத்தில் போடுங்கள். சாய்ந்திருந்து, முழங்கைகளைக் கதிரைக் கையில் ஊன்றினால் பைனாகுலர் ஆடாது. சோளகம் பலமாக வீசினால் வீட்டுச் சுவரின் மறைப்பில் இருங்கள். டோர்ச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். போன் திரையை அணையுங்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் வேண்டும், ஒரு முறை போனைப் பார்த்தால் அந்த அரை மணி நேரமும் போச்சு. நுளம்புத்திரியைக் காற்று அடிக்கும் திசைக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் புகை வில்லையில் படியும்.

கண்டுபிடிப்பது

ஓகஸ்ட் தொடக்கத்தில் டெம்பல் 2 சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால் நள்ளிரவை ஒட்டித் தெற்கு வானில் உயர்ந்து நிற்கும். படத்தில் குறித்த இடத்துக்கு அருகில் உள்ள வெள்ளி ஒன்றை முதலில் பிடித்து, அங்கிருந்து படிப்படியாக நகருங்கள்.

வெள்ளியைப் போலக் கூர்மையான புள்ளியைத் தேடாதீர்கள். வேர்ட்டனன் வந்தபோது பலர் ஏமாந்தது இதில்தான். பிரகாசம் 4 என்று செய்தியில் வந்தது. 4ஆம் படி வெள்ளி வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியுமே என்று வெளியே வந்து பார்த்தவர்கள் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். அந்த ஒளி முழுவதும் நிலாவின் அகலத்துக்கு மேல் பரந்து கிடந்தது. நீங்கள் தேட வேண்டியது கண்ணாடியில் மூச்சு விட்டது போன்ற ஒரு மங்கல். வால்வெள்ளியின் பனிக்கட்டியைச் சுற்றியுள்ள ஆவியும் தூசியும்தான் அந்த மங்கல், அதன் பெயர் கோமா. நேராகப் பார்த்தால் மறையும்; கடைக்கண்ணால், சற்று ஓரமாகப் பார்த்தால் மேலெழும். சந்தேகம் வந்தால் பைனாகுலரை மெதுவாக ஆட்டுங்கள். அசையும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடிக்கும். பிறகும் சந்தேகமா, அடுத்த இரவு பாருங்கள். நகர்ந்திருந்தால் அதுதான்.

பிரகாசத்தை மதிப்பிடுவது

இந்த வேலையின் உயிர் இதுதான். ஆறுதலாகச் செய்யுங்கள்.

முதல் விதி: செயலியிலோ வேறெங்குமோ சொல்லியிருக்கும் பிரகாச எண்ணை அன்று பார்க்க வேண்டாம். பார்த்தால் கண் அதையே காணும். எழுதி முடித்த பிறகு, மறுநாள் பார்க்கலாம்.

அடுத்து, ஒப்பிடுவதற்கு வெள்ளிகள் வேண்டும். பிரகாச எண் கூடக் கூட மங்கல் கூடும். 8ஐ விட 7 பிரகாசமானது. அமெரிக்க மாறுவிண்மீன் அவதானிப்போர் சங்கத்தின் படங்களில் வெள்ளிகளுக்குப் பக்கத்தில் எண் இருக்கும்; 78 என்றிருந்தால் 7.8 என்று வாசிக்க வேண்டும், தசமப் புள்ளியை வெள்ளி என்று மயங்காதிருக்க அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். வால்வெள்ளியின் அதே உயரத்தில் உள்ளவற்றை எடுங்கள். அடிவானத்தை ஒட்டிய தூசி எதையும் மங்கலாக்கும். சிவப்பு நிற வெள்ளிகளை விடுங்கள், அவற்றில் கண் ஏமாறும்.

புள்ளியான வெள்ளியையும் பரந்த மங்கலையும் எப்படி ஒப்பிடுவது? வெள்ளியையும் மங்கலாக்கித்தான். சிட்விக் முறை என்பார்கள். பைனாகுலரில் வால்வெள்ளியைத் தெளிவாகப் பார்த்து, கோமாவின் அகலத்தையும் சராசரி வெளிச்சத்தையும் மனதில் பதியுங்கள். பிறகு ஒப்பிடும் வெள்ளிக்குத் திரும்பி, அது கோமாவின் அதே அகலத்துக்கு ஊதிப் பெருகும் வரை குவியத்தைக் கலையுங்கள். இப்போது இரண்டில் எது வெளிச்சம்? வால்வெள்ளியை விட வெளிச்சமான ஒன்றும் மங்கலான ஒன்றும் கிடைக்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒன்று 7.2, மற்றது 7.8, வால்வெள்ளி 7.2க்கு நெருக்கமாக மூன்றில் ஒரு பங்கில் என்று தோன்றினால் 7.4. அவ்வளவுதான். பொப்ரோவ்னிக்கோவ் முறையில் வால்வெள்ளி, வெள்ளி இரண்டையும் ஒரே அளவுக்குக் கலைத்துப் பார்ப்பார்கள்; நடுப்பகுதி இறுகிய சிறிய வால்வெள்ளிக்கு அது பொருந்தும். எதைச் செய்தாலும் ஒரே வருகையில் முறையை மாற்றாதீர்கள், கருவியையும் மாற்றாதீர்கள். எந்த முறை என்று எழுதுங்கள்.

கோமாவின் அகலத்துக்கு அளவுகோல் வானத்திலேயே உண்டு. கலியாண வீட்டில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அந்த அருந்ததிக்கும் வசிட்டருக்கும் இடையில் சுமார் 12 பாகைத்துளி. (60 பாகைத்துளி ஒரு பாகை, முழுநிலாவின் அகலம் ஏறத்தாழ 30.) பைனாகுலரில் அந்த இடைவெளியைப் பார்த்துப் பழகிவிட்டு, கோமா அதில் எத்தனை பங்கு என்று சொல்லுங்கள். கடைசியாக, இறுக்கத்துக்கு 0 முதல் 9 வரை ஓர் எண். நடுவே எதுவும் இல்லாத வெறும் மங்கல் 0. வெள்ளி போலவே இறுகியது 9.

எழுதுவது

நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள், நம் நேரத்தில் இருந்து ஐந்தரை மணி நேரம் குறைவு. நாளைப் பின்னமாக எழுதுவது வழக்கம். ஓகஸ்ட் 11 இரவு 11.30 என்றால் பொது நேரம் 18.00, நாளின் முக்கால், ஆகவே ஓகஸ்ட் 11.75. ஓகஸ்ட் 12 அதிகாலை 4.45க்குப் பார்த்தால்? பொது நேரத்தில் அது இன்னும் 11ஆம் திகதி 23.15. ஆகவே 11.97. புதியவர்கள் திகதியைப் பிழைவிடுவது இந்த அதிகாலைகளில்தான். நம் நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால் பிறகு சரிபார்க்கலாம். முகில், புகை, நிலா, பக்கத்து வீட்டு லைட், எல்லாவற்றையும் ஒரு சொல்லிலாவது குறியுங்கள். பார்த்தும் தெரியாத இரவையும் எழுதுங்கள், எந்த எண் வரையான வெள்ளி தெரிந்தது என்பதோடு. ‘7.5க்கு மங்கல்’ என்பதும் ஓர் அவதானிப்புத்தான்.

பத்து இரவு சேர்ந்ததும் வரைபுத் தாளில் கிடையாக நாள், நிலைக்குத்தாகப் பிரகாச எண். சிறிய எண் மேலே வரட்டும். அதோடு இன்னொரு கணக்கு. வால்வெள்ளி பூமியில் இருந்தும் சூரியனில் இருந்தும் உள்ள தூரத்தால் மட்டும் மாறும் பிரகாசத்தை விலக்கிப் பார்க்க ஒரு சூத்திரம் உண்டு: பூமித் தூரத்தின் மடக்கையை 5ஆல் பெருக்கு, சூரியத் தூரத்தின் மடக்கையை 10ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி, வரும் தொகையை நீங்கள் கண்ட பிரகாச எண்ணில் இருந்து கழி. டெம்பல் 2க்கு 0.41, 1.42 என்று போட்டால் −1.94, +1.52, கூட்டினால் −0.4. அன்று நீங்கள் 8.0 கண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதன் இயல்புப் பிரகாசம் 8.4. வேறு நாளில் தூரங்கள் வேறாக இருக்கும்போதும் அதே 8.4 வந்தால் அது சூத்திரப்படி நடக்கிறது. 8.4, 8.3, 7.9 என்று எண் இறங்கினால் வால்வெள்ளியே மாறுகிறது, புதிய இடத்தில் இருந்து ஆவி கிளம்பியிருக்கலாம். அந்த இறக்கத்தை நான் முதல் முறை என் வரைபில் கண்டபோது விடியும்வரை நித்திரை வரவில்லை. ஒன்று கவனியுங்கள்: சூரியனை மிக நெருங்கும் நாளிலேயே உச்சப் பிரகாசம் வரவேண்டும் என்று இல்லை. சில முன்னதாக உச்சம் காணும், சில பிந்தி. அதனால் ஓகஸ்ட் 2உடன் நிறுத்தாமல் தெரியும் வரை தொடருங்கள்.

உங்கள் எண்களைக் கொப்ஸ் என்ற வால்வெள்ளித் தரவுத்தளத்துக்கு அனுப்பலாம். சுலோவேனியாவின் சிர்னி வேர்க் வானாய்வகம் நடத்துகிறது, பதிவு இலவசம். முதல் ஐந்தாறு மதிப்பீடுகளை அனுப்பாமல் வைத்து, அதே நாட்களில் அனுபவசாலிகள் கண்டவற்றோடு ஒப்பிடுங்கள். அரைப் படி வித்தியாசம் சாதாரணம். எப்போதும் ஒரே பக்கமாக வித்தியாசப்பட்டால் உங்கள் கண்ணின் இயல்பு அது. எண்ணைத் திருத்தாமல் கண்டபடியே எழுதுங்கள்.

டெம்பல் 2 மங்கி மறைந்ததும் கொப்பியில் ஒரு தாள் விட்டு, அடுத்த பக்கத்துக்கு ‘என்கே’ என்று தலைப்புப் போடுங்கள். 3.3 ஆண்டுக்கு ஒரு முறை வரும் அது 2027 பெப்ரவரியில் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. 0.34 வானியல் அலகு வரை உள்ளே போவதால் கடைசி நாட்களில் அந்தி வெளிச்சத்துக்குள் மூழ்கிவிடும். முந்தைய வாரங்களிலேயே பிடிக்க வேண்டும். அது தைப் பனிக் காலம். பைனாகுலர் வில்லையில் பனி படியும், துடைக்க ஒரு பழைய பருத்தித் துணியை மடியில் வைத்திருங்கள்.